மணி மீட்டர் காட்டாத கணக்கு: கிரேனுக்கு கிரீஸ், ஆயில் பராமரிப்பு

கிரேன் வைத்திருப்பவர்களில் பலர் ஒரே ஓர் எண்ணை நம்பித்தான் சர்வீஸ் பார்க்கிறார்கள்: டேஷ்போர்டில் இருக்கும் மணி மீட்டர். அது இன்ஜினுக்குச் சரியான அளவுகோல். ஆனால் அந்த மீட்டர் எண்ணுவது இன்ஜின் ஓடிய நேரத்தை மட்டுமே. வின்ச் எத்தனை முறை சுற்றியது, பூம் எத்தனை முறை நீண்டு சுருங்கியது, ஸ்லூ ரிங் எவ்வளவு திரும்பியது என்பதெல்லாம் அதில் பதிவாவதில்லை. நாள் முழுக்க ஐட்லிங்கில் விட்டு நான்கே கம்பிக்கட்டைத் தூக்கினாலும் எட்டு மணி ஏறிவிடும். பிரீகாஸ்ட் யார்டில் மூச்சுவிடாமல் ஏற்றி இறக்கினாலும் அதே எட்டு மணிதான். முதல் நாளில் ரோப்புக்கு வேலையே இல்லை. இரண்டாம் நாளில் பல நாள் தேய்மானம். வண்டி யார்டில் சும்மா நிற்கும் மாதத்தில் மீட்டர் அசையாது, ஆனால் ரோப்புக்குள் ஈரம் இறங்கும், டேங்கில் தண்ணீர் சேரும், பின்களில் கிரீஸ் காயும். அதனால் இந்த அத்தியாயத்தில் மீட்டரோடு காலண்டரையும் உங்கள் கண்ணையும் சேர்த்தே கணக்கு வைக்கிறோம். எந்த இடத்திலும் உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் ஆயில் வகையும் இடைவெளியும்தான் முடிவானது. இங்கே சொல்வது அதைச் செய்யும் முறை.

"ஓடாத வண்டிக்கு எதற்குக் கிரீஸ்?" என்று உரிமையாளர்கள் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. லாரியின் சக்கர பேரிங் முழுச்சுற்று சுற்றுவதால் கிரீஸ் தானாகப் பரவிக்கொள்கிறது. ஓட்டம் குறைந்தால் தேவையும் குறைகிறது. கிரேனின் பின்கள் அப்படியல்ல. பூமின் அடிப் பின்னும், பூமைத் தூக்கும் சிலிண்டரின் பின்னும் சிறிய வளைவுக்குள் முன்னும் பின்னும் அசைகின்றன. பாரம் பெரும்பாலும் ஒரே பக்கத்தில் விழுகிறது. அந்தப் பக்கத்திலிருந்து பிதுங்கி வெளியேறிய கிரீஸ் தானாகத் திரும்பி வராது. நீங்கள்தான் உள்ளே தள்ள வேண்டும். ஸ்லூ ரிங்கின் கதை இன்னும் மோசம். லாரி மேல் உள்ள கிரேன் ஒரு சைட்டிலிருந்து அடுத்த சைட்டுக்கு ஓடும்போது மேல்கட்டு திரும்புவதே இல்லை. ரோலர்கள் நின்ற இடத்திலேயே நின்று அதிர்வை வாங்குகின்றன, தொடும் இடத்தில் இருந்த கிரீஸ் விலகுகிறது, உலோகம் உலோகத்தில் பட்டுக் குழி விழுகிறது. அந்த வேளையில் ஸ்லூ ரிங் ஒரு சுற்றுகூடச் சுற்றியிருக்காது.

தொடங்கும் முன்

1. வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். பூமை முழுவதும் சுருக்கி, அதன் ஸ்டாண்டில் இறக்குங்கள். ஹூக்கில் எடை இருக்கக் கூடாது. பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.
2. இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, வேலை செய்பவரின் சட்டைப்பையில் போடுங்கள். 'வேலை நடக்கிறது, ஸ்டார்ட் செய்யாதே' என்று எழுதிய அட்டையை ஸ்டீயரிங்கில் மாட்டுங்கள்.
3. கையேட்டில் உள்ளபடி லீவர்களை எல்லாத் திசையிலும் ஒருமுறை அசைத்து, ஹோஸில் தங்கிய அழுத்தத்தை இறக்குங்கள்.
4. நடுவில் மடங்கித் திரும்பும் ஹைட்ரா வகை வண்டியில் அந்த மடிப்புக்குள் கை நீட்டும் முன் பூட்டுத் தண்டைப் போடுங்கள். அங்கே சிக்கும் மனிதருக்குத் தப்பிக்க இடமில்லை.
5. பூம் முனையில் வேலை இருந்தால் முனையைத் தரைக்குக் கொண்டுவாருங்கள். பூம் மீது ஏறி நடக்காதீர்கள்.

காலைச் சுற்று

ஸ்டார்ட் செய்வதற்கு முன் வண்டியை ஒருமுறை சுற்றி வர வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது வண்டிக்கு அடியில் இருக்கும் தரை. கறுப்பாகச் சொட்டியிருந்தால் இன்ஜின் ஆயில், தேன் நிறத்தில் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் ஹைட்ராலிக், பச்சையோ சிவப்போ என்றால் கூலன்ட். பிறகு டிப் ஸ்டிக். ஆயில் இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்கிறதா என்பதோடு, நேற்றைய மட்டத்திலிருந்து எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்றும் பாருங்கள். டீசல் இன்ஜினில் ஆயில் கறுப்பாவது இயல்பு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்தாலும், ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தாலும் ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். டீசலோ கூலன்டோ ஹைட்ராலிக் ஆயிலோ உள்ளே இறங்கியிருக்கலாம்.

கூலன்ட் மட்டத்தை ரிசர்வ் டேங்கில், இன்ஜின் ஆறியிருக்கும்போது பாருங்கள். சூடாக இருக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். பிரேக் ஆயில் மட்டம், டீசல் ஃபில்டருக்குக் கீழே தங்கிய தண்ணீரைத் திறந்துவிடுவது, ஏர் பிரேக் வண்டியானால் காற்றுத் தொட்டியின் தண்ணீரை வடிப்பது ஆகியவையும் இந்தச் சுற்றிலேயே முடியட்டும். யூரியா கரைசல் ஊற்றும் புதிய வண்டிகளில் அந்த மூடியும் டீசல் மூடியும் அருகருகே இருக்கலாம். ஹெல்பரிடம் எதை எதில் ஊற்றுவது என்று சொல்லிக்காட்டாமல் கேனைக் கொடுக்காதீர்கள்.

கிரீஸ் அடிக்கும் வரிசை

பின், புஷ், கப்பி, ஹூக் பிளாக் போன்ற இடங்களுக்குப் பெரும்பாலும் லித்தியம் வகை, ஈபி தரம், 2ஆம் எண் கிரீஸ் சொல்லப்பட்டிருக்கும். வேறு அடிப்படையில் செய்த கிரீஸை அதன் மேல் ஏற்றாதீர்கள். சில வகைகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் இளகி ஓடிவிடும். கடையில் 'நல்ல கிரீஸ்' என்று கேட்டு வாங்குவதைவிட டப்பாவில் அச்சிட்ட வகையையும் எண்ணையும் படித்து வாங்குவது மேல்.

1. நிப்பிளைத் துடையுங்கள். அதன் தலையில் ஒட்டிய மணல் கிரீஸோடு நேராக பேரிங்குக்குள் போகும். இந்த ஒரு துடைப்பைத் தவிர்ப்பதைவிடப் பெரிய தவறு கிரீஸ் வேலையில் இல்லை.
2. கன்னை நேராகப் பொருத்தி மெதுவாக அழுத்துங்கள். பின்களில் பழைய கிரீஸ் வெளியே வந்து, புதியதன் நிறம் தெரியும்வரை தொடருங்கள்.
3. பாரம் தாங்கும் பின்னில் ஒருமுறை அடித்தபின், எல்லாரும் விலகி நிற்க, ஆபரேட்டர் பூமைச் சற்றே ஏற்றி இறக்கட்டும். மறுபடி அணைத்து, மறுபடி அடியுங்கள். முதல் முறையில் இடைவெளி இருந்த பக்கம் மட்டுமே நிரம்பியிருக்கும்.
4. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸில் நான்கு முனையிலும் கிரீஸ் எட்டிப்பார்க்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த முனை உலர்ந்து ஓடுகிறது.
5. வெளியே வந்த பழைய கிரீஸை விரலில் தேய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். செம்மண் நிறம் என்றால் உள்ளே தண்ணீர், துரு. வெள்ளிப் பொடிபோல மினுங்கினால் உலோகம் தேய்கிறது. பார்த்தபின் வழித்துத் துடைத்துவிடுங்கள்.

கிரீஸ் ஏறாத நிப்பிளை 'அடுத்த தடவை பார்க்கலாம்' என்று விட்டுவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. நிப்பிளின் விலை சொற்பம். கழற்றிப் புதியது போடுங்கள். அப்போதும் ஏறாவிட்டால் உள்ளே செல்லும் வழி காய்ந்து அடைத்திருக்கிறது. பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்யத்தான் வேண்டும். நெருப்பு காட்டி இளக்க முயலாதீர்கள். சீலும் புஷ்ஷும் கெடும்.

ஸ்லூ ரிங்குக்குத் தனி வரிசை வேண்டும், ஏனென்றால் இங்கே மேல்கட்டைத் திருப்பித் திருப்பித்தான் கிரீஸ் அடிக்க முடியும். திரும்பும்போது ஒருவர் உள்ளே கை வைத்திருந்தால் விளைவு சொல்லத் தேவையில்லை.

1. அவுட்ரிகர் போட்டு, பூமைச் சுருக்கித் தாழ்த்தி, சுற்றிலும் ஆள் வராதபடி கயிறு கட்டுங்கள்.
2. இன்ஜின் அணைந்த நிலையில் ஒவ்வொரு நிப்பிளிலும் சில அழுத்து அடியுங்கள்.
3. அடித்தவர் வெளியே வந்து, ஆபரேட்டர் கண்ணில் படும் இடத்தில் நின்று கை காட்டிய பிறகே சாவி போக வேண்டும். மேல்கட்டைக் கொஞ்சம் திருப்பி, அணைத்து, சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி அடியுங்கள். ஒரு முழுச்சுற்று முடியும்வரை இப்படியே.
4. சீலின் விளிம்பு முழுக்க மெல்லிய கோடாகக் கிரீஸ் தெரிந்தால் போதும், நிறுத்திவிடுங்கள்.
5. பற்களுக்கு வேறு கிரீஸ். திறந்த கியருக்கென்றே வரும் ஒட்டும் வகை. நின்ற நிலையில் பிரஷ்ஷால் பூசுங்கள்.

"கூடுதலாகப் போட்டால் என்ன நஷ்டம்?" என்பது அடுத்த கேள்வி. கிரீஸ் கன்னின் அழுத்தம் பேரிங் சீலை வெளியே தள்ளப் போதுமானது. சீல் பிதுங்கினால் அன்றைக்குத் தெரியாது. அடுத்த மழையில் தண்ணீரும் அடுத்த காற்றில் தூசியும் உள்ளே போகும். பூமின் சறுக்குப் பட்டைகளில் அப்பிய கிரீஸ் சைட் மணலைப் பிடித்துச் சாணைப் பசையாகிப் பட்டையைத் தின்னும். அங்கே மெல்லிய பூச்சு போதும். பூம் சுருங்கும்போது தடதடவென்று அதிர்ந்தால் அது உலர்ந்த பட்டையின் அறிகுறி. பூசுவதற்காகப் பூமை நீட்டும்போது எந்தக் கோணத்தில் எவ்வளவு நீட்டலாம் என்பதை லோடு சார்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். எடையே தூக்காமல் படுக்கையாக நீட்டிய பூமும் வண்டியைக் கவிழ்க்கும்.

ஒயர் ரோப்: வெளியே பளபளப்பு, உள்ளே வறட்சி

ரோப் ஒரு கம்பி அல்ல. நூற்றுக்கும் மேற்பட்ட கம்பிகள் புரிகளாக முறுக்கப்பட்டு, ஒரு மையத்தைச் சுற்றி ஓடுகின்றன. கப்பி மீது வளையும் ஒவ்வொரு முறையும் அந்தக் கம்பிகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்குகின்றன. எனவே மசகு தேவைப்படுவது உள்ளே. கெட்டிக் கிரீஸை வெளியே அப்பினால் உள்ளே போவதற்குப் பதிலாக ஒரு மூடியாகி, ஏற்கெனவே புகுந்த ஈரத்தைச் சிறைவைக்கும். அதோடு அறுந்த கம்பிகளையும் மறைத்துவிடும், இது அதைவிட ஆபத்து. பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுவது நம் ஊரில் பரவலான வழக்கம். செலவில்லை, உள்ளே ஊறுகிறது என்று இதற்கு வாதமும் உண்டு. ஊறுவது உண்மைதான். ஆனால் கரி, அமிலம், இன்ஜினில் தேய்ந்த உலோகத்துகள் எல்லாம் கூடவே ஊறும். கையில் பட்டால் தோலுக்கும் கேடு. ரோப்புக்கென்று விற்கும் ஊடுருவும் மசகை மட்டும் பயன்படுத்துங்கள்.

1. தடித்த தோல் கையுறை போடுங்கள். ரோப்பை வெளியே இறக்குங்கள். கையேடு சொல்லும் குறைந்தபட்சச் சுற்றுகள் டிரம்மில் மிச்சம் இருக்கட்டும்.
2. உலர்ந்த கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். டீசல், மண்ணெண்ணெய், பெட்ரோல் வேண்டாம். உள்ளே மிஞ்சியிருக்கும் மசகையும் கழுவிக்கொண்டு போகும்.
3. மசகு போடும் முன் பாருங்கள்: அறுந்த கம்பி, நசுங்கல், மடிப்பு, துரு, விட்டம் குறைந்த இடம். எப்போது ரோப்பைக் கழிப்பது என்பதற்கு ஐஎஸ்ஓ 4309 தரநிலையில் தெளிவான எல்லைகள் உண்டு. எல்லை தாண்டிய ரோப்புக்கு மசகு மருந்தல்ல.
4. ரோப் கப்பியிலோ டிரம்மிலோ வளையும் இடத்தில் பூசுங்கள். அங்கேதான் புரிகள் சற்றே விரிந்து மசகை உள்ளே விடும். கொஞ்சம் ஓட்டி, நிறுத்தி, பூசுங்கள். ஓடும் ரோப்பை ஒருபோதும் கையால் தொடாதீர்கள்.
5. முனையில் ஆப்பு சாக்கெட்டுக்குப் பக்கத்தில் உள்ள பகுதியையும், டிரம்மின் அடி அடுக்கையும் மறக்காதீர்கள்.

அந்த அடி அடுக்கை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான வேலைகளில் ரோப்பின் வெளிப்பகுதி மட்டுமே ஓடுகிறது. அடியில் சுற்றிய பகுதி மாதக்கணக்கில் வெளிச்சமே பார்க்காமல், மேலடுக்குகளின் நசுக்கலில், மழைநீர் தங்கியபடி கிடக்கிறது. எண்ணூர், தூத்துக்குடி போன்ற துறைமுகப் பகுதிகளில் உப்புக்காற்றும் இதோடு சேர்ந்துகொள்கிறது. ஒரு நாள் உயரமான வேலை வந்து முழு ரோப்பும் வெளியேறும்போது பாரத்தைத் தாங்குவது அந்தப் பகுதிதான். கடலோரத்தில் வேலை செய்யும் வண்டிக்கு ரோப் மசகின் இடைவெளியைச் சுருக்குங்கள்.

ஹைட்ராலிக் ஆயில்: மட்டத்தைவிடச் சுத்தம் முக்கியம்

டப்பாவில் போட்ட 46, 68 போன்ற எண்கள் 40 டிகிரி செல்சியஸில் ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கின்றன. நம் வெயிலுக்குக் கெட்டியானதே நல்லது என்று சிலர் தாமாகவே ஒரு படி ஏற்றிவிடுகிறார்கள். வெளிவெப்பத்துக்கு எது பொருந்தும் என்ற அட்டவணை கையேட்டிலேயே இருக்கும். அதைத் தாண்டினால் காலையில் பம்ப் ஆயிலை இழுக்கத் திணறி, உள்ளே வெற்றிடக் குமிழ்கள் வெடித்து உலோகத்தை அரிக்கும்.

பம்புக்கும் வால்வுக்கும் உள்ளே இருக்கும் இடைவெளிகள் சில மைக்ரான் அளவே. மனிதக் கண்ணுக்குத் தெரியும் துகள் சுமார் 40 மைக்ரான். அதாவது, தெளிவாகத் தெரிகிற ஆயிலும் பம்பைக் கெடுக்கும் அளவுக்கு அழுக்காக இருக்கலாம். புது டிரம்மும் இதற்கு விலக்கல்ல. வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்த டிரம்மின் தலையில் மழைநீர் தேங்கும்; பகலில் விரிந்து இரவில் சுருங்கும் டிரம் அந்தத் தண்ணீரை மூடியின் மரை வழியாக உறிஞ்சும். டிரம்மைக் கூரைக்கடியில், படுக்கவைத்து, இரண்டு மூடிகளும் ஒரே கிடைமட்டத்தில் இருக்கும்படி வையுங்கள்.

வண்டியின் டேங்கும் மூச்சு விடுகிறது. சிலிண்டர் நீளும்போது ஆயில் அங்கே போய், டேங்கில் மட்டம் இறங்கி, வெளிக்காற்று பிரீதர் வழியாக உள்ளே வருகிறது. பூமை ஒவ்வொரு முறை நீட்டும்போதும் சைட்டின் தூசி அந்தச் சின்ன ஃபில்டரைத் தட்டுகிறது. உடைந்த பிரீதரின் வாயில் துணி சுற்றி ஓட்டுவது, மீட்டர் ஒருநாளும் காட்டாத தேய்மானத்துக்குக் கதவு திறப்பதுதான்.

1. பூம், அவுட்ரிகர் எல்லாவற்றையும் சுருக்கிய நிலையில் சைட் கிளாஸைப் பாருங்கள். நீண்ட நிலையில் பார்த்து ஊற்றினால், சுருக்கும்போது டேங்க் நிரம்பி வழியும்.
2. மூடியைத் திறக்கும் முன் சுற்றுப்புறத்தைத் துடையுங்கள். பனியன் வேஸ்ட் வேண்டாம், அதன் நூல்கள் உதிர்ந்து உள்ளே போகும். நூல் உதிராத துணி வைத்துக்கொள்ளுங்கள்.
3. ஃபில்டர் பொருத்திய பம்பால் ஏற்றுவதே சிறந்தது. இல்லையென்றால் ஊற்றும் வாயிலுள்ள சல்லடையையாவது கழற்றாதீர்கள். ஆயில் மெதுவாக இறங்குகிறது என்று சல்லடையைக் குத்தி ஓட்டை போட்ட வண்டிகள் நிறையவே ஓடுகின்றன.
4. ஊற்றியபின் எல்லா இயக்கங்களையும் ஒருமுறை செய்து, மறுபடி சுருக்கி, மட்டம் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர். விடாமல் நுரைத்தால் பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் காற்று நுழைகிறது. தீய்ந்த வாடை வந்தால் ஆயில் சூடேறிக் கெட்டுவிட்டது.

கசிவைத் தேடும்போது கையால் ஹோஸைத் தடவாதீர்கள். ஊசிமுனைத் துளையிலிருந்து வரும் ஆயில் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். ஓர் அட்டையை நீட்டிப் பாருங்கள். தோலில் பாய்ந்துவிட்டால் வெளியே கொசுக்கடி அளவே தெரியும், வலியும் முதலில் குறைவு. ஆனால் உள்ளே திசு அழுகத் தொடங்கும். காத்திராமல் அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், அதிக அழுத்த ஆயில் உள்ளே பாய்ந்தது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மற்றவை, சுருக்கமாக

வின்ச், ஸ்லூ கியர் பாக்ஸ்களின் வடிகால் மூடியில் காந்தம் இருந்தால், அதில் மெல்லிய சாம்பல் பசை ஒட்டியிருப்பது இயல்பு. செதில் செதிலாக இரும்பு வந்தால் வண்டியை நிறுத்துங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும்: டாட் 3 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறியபின் 140 வரை இறங்கலாம். ஆகவே இதை மாற்றுவதற்குக் காலண்டர்தான் கணக்கு. பிரேக்கில் ஹைட்ராலிக் ஆயிலை ஊற்றினால் ரப்பர்கள் ஊதிப் பிரேக் போய்விடும். கூலன்டில் போர் தண்ணீர் சேர்க்காதீர்கள். அதன் உப்பு ரேடியேட்டரில் படிந்து அடைக்கும். கையேடு சொல்லும் கலவையை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து, குழந்தைகளும் நாய்களும் எட்டாத இடத்தில் வையுங்கள். இனிப்பாக இருக்கும் விஷம் அது.

வண்டி சும்மா நிற்கும்போது

வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து சூடேற விட்டு, இடமும் பாதுகாப்பும் பார்த்துக்கொண்டு பூம், வின்ச், ஸ்லூ, ஸ்டீயரிங் எல்லாவற்றையும் மெதுவாக இயக்குங்கள். வெறும் ஐட்லிங் போதாது. அதில் மீட்டர் மட்டுமே ஏறும். சுருக்க முடியாமல் வெளியே நீண்டிருக்கும் சிலிண்டர் ராடுகளில் மெல்லிய கிரீஸ் பூசி வையுங்கள். மறுபடி இயக்கும் முன் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் படிந்த தூசி சீலைக் கிழிக்கும்.

நோட்டும் கழிவும்

மணிக்கணக்கில் வாடகை ஓடும்போது அரை மணி நிறுத்துவது நஷ்டம் என்பார்கள். அந்த அரை மணி உண்மையான செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் இதே வேலையைச் செய்யாமல் விட்டால் வண்டி நிற்கும் நேரத்தை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. அது பாரம் அந்தரத்தில் இருக்கும் நேரமாகவும் இருக்கலாம். காலைச் சுற்றை வாடகை நேரத்துக்கு முன்பும், கிரீஸை வேலை முடிந்து பேரிங் சூடாக இருக்கும்போதும் வைத்துக்கொண்டால் இழப்பு வெகுவாகக் குறையும்.

வடித்த ஆயிலை மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றக் கூடாது. 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி அது அபாயக் கழிவு. மூடிய டிரம்மில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள்.

நோட்டில் தேதி, மீட்டர், கிரீஸ் அடித்த இடம் ஆகியவற்றோடு, எதில் எத்தனை லிட்டர் ஊற்றினீர்கள் என்பதற்கு ஒரு பத்தி போடுங்கள். ஹைட்ராலிக்கில் அடிக்கடி ஊற்றுகிறீர்கள், தரையில் சொட்டு இல்லை என்றால் ஆயில் வண்டிக்குள்ளேயேதான் எங்கோ போகிறது. பம்பின் ஷாஃப்ட் சீல் கசிந்து இன்ஜினுக்கோ கியர் பாக்ஸுக்கோ இறங்கலாம், வின்ச் மோட்டாரின் சீல் வழியாக வின்ச் கியர் பாக்ஸிலும் நிரம்பலாம். இம்மூன்றின் மட்டத்தையும் பார்த்து, எது ஏறியிருக்கிறதோ அங்கிருந்து சீல் வேலையைத் தொடங்குங்கள்.